நீர்த் தகராறு போராக முற்றுமா? ஓர் ஆற்றுப் படுகையை எடுத்துக்கொண்டு கணிப்பது எப்படி

இரண்டு நாடுகள் ஓர் ஆற்றுக்காக முறைத்துக்கொள்ளும் செய்தி வரும்போதெல்லாம், அடுத்த உலகப் போர் தண்ணீருக்காகத்தான் மூளும் என்ற வாசகமும் கூடவே வந்துவிடுகிறது. பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அந்த வாசகத்தால் எந்த ஆற்றைப் பற்றியும் நமக்குப் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை. ஆனால் குறிப்பிட்ட ஓர் ஆற்றுப் படுகையை எடுத்துக்கொண்டு, அங்குள்ள தட்டுப்பாடு மக்களின் அமைதியைக் குலைக்கும் அளவுக்கு முற்றுமா என்பதை மாணவரோ செய்தியாளரோ அக்கறையுள்ள வாசகரோ ஒரு வார உழைப்பில் ஓரளவு நம்பகமாகக் கணித்துவிடலாம். அதற்கான தரவுகளில் பெரும்பகுதி பொதுவெளியிலேயே கிடைக்கிறது. அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கே தவறு நேரும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏரன் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பன்னாட்டு ஆறுகள் தொடர்பாக நாடுகளுக்கிடையே நடந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தார்கள். மோதலைவிட ஒத்துழைப்பே அதிகம் என்பது அவர்கள் கண்டது. முழுக்க முழுக்கத் தண்ணீருக்காகவே இரு அரசுகள் போரிட்டதற்கு அவர்கள் காட்டும் சான்று, இன்றைய தெற்கு ஈராக்கில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் லகாஷ், உம்மா என்ற இரு நகர அரசுகள் நடத்திய சண்டைதான். தண்ணீர் குறைவதால் மட்டும் தகராறு முற்றுவதில்லை. படுகையில் ஏற்படும் மாற்றத்தின் வேகத்துக்கு அங்குள்ள ஒப்பந்தங்களும் அமைப்புகளும் ஈடுகொடுக்க முடியாதபோதுதான் முற்றுகிறது என்ற அவர்களுடைய முடிவையே நான் இந்த வழிமுறையின் அடித்தளமாகக் கொள்கிறேன். ஆகவே ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்ப்பதைவிட, அதைப் பங்கிடும் ஏற்பாடு எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று பார்ப்பதற்கே உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிடுங்கள்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

ஒரு நாட்டின் தட்டுப்பாட்டை அளக்க இரண்டு அளவுகோல்கள் வழக்கத்தில் உள்ளன. சுவீடனைச் சேர்ந்த நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் முன்வைத்த அளவுகோலின்படி, ஆண்டுக்கு ஒருவருக்குக் கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க நன்னீர் 1,700 கனமீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000-க்குக் கீழே போனால் தட்டுப்பாடு, 500-க்குக் கீழே போனால் முற்றான தட்டுப்பாடு. ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பயன்படுத்தப்படும் மற்றோர் அளவுகோல், ஆற்றின் உயிர்ச்சூழலுக்கென விடவேண்டிய நீரைக் கழித்துவிட்டு, மீதமுள்ளதில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்று பார்க்கிறது. அது 25 விழுக்காட்டைத் தாண்டினால் நெருக்கடி தொடங்கிவிட்டதாகவும், 100-ஐத் தாண்டினால் கவலைக்கிடம் என்றும் வகைப்படுத்துகிறார்கள். உணவு வேளாண்மை அமைப்பின் அக்வாஸ்டாட் தரவுத்தளத்தில் இரண்டுக்கும் தேவையான எண்கள் நாடுவாரியாக உள்ளன.

எகிப்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1959-இல் எகிப்தும் சூடானும் செய்துகொண்ட உடன்படிக்கை, நைல் ஆற்றின் சராசரி ஆண்டு நீர்வரத்தை 8,400 கோடி கனமீட்டர் என்று கொண்டு, ஆவியாகும் 1,000 கோடியைக் கழித்து, எகிப்துக்கு 5,550 கோடியும் சூடானுக்கு 1,850 கோடியும் ஒதுக்கியது. ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2.83 கோடி கனமீட்டர் என்பதால் எகிப்தின் பங்கு சுமார் 1,960 டி.எம்.சி. ஆகிறது. அந்நாட்டின் மக்கள்தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு 550 கனமீட்டருக்கும் குறைவாகவே வருகிறது. நன்னீருக்கு 90 விழுக்காட்டுக்கும் மேல் அந்த ஒரே ஆற்றை நம்பியிருக்கும் நாடு அது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆற்றின் மேல்பகுதியில் நடக்கும் ஒவ்வொன்றையும் எகிப்து ஏன் வாழ்வா சாவா என்று பார்க்கிறது என்பது இந்த வகுத்தல் கணக்கிலேயே புரிந்துவிடும்.

ஆனால் இந்த எண்ணைக் கொண்டு மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சிங்கப்பூரும் இஸ்ரேலும் ஃபால்கன்மார்க் அளவுகோலின் அடிமட்டத்துக்குக் கீழே இருந்தும் கடல்நீரைக் குடிநீராக்குதல், கழிவுநீர் மறுசுழற்சி ஆகியவற்றால் தங்கள் குழாய்களை வற்றவிடவில்லை. உலகம் முழுவதும் எடுக்கப்படும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு விவசாயத்துக்குப் போகிறது. ஆகவே தானியத்தை வெளியிலிருந்து வாங்கும் நாடு, அதை விளைவிக்கத் தேவைப்பட்ட தண்ணீரையும் சேர்த்தே வாங்குகிறது. லண்டன் பேராசிரியர் டோனி ஆலன் இதற்கு மறைநீர் என்று பெயர் வைத்தார். வறண்ட மத்திய கிழக்கு நாடுகள் தண்ணீருக்காகப் படையெடுக்காமல் இருப்பதற்கு, கப்பலில் வந்து இறங்கும் கோதுமையே பெரிய காரணம் என்பது அவருடைய வாதம். எகிப்து உலகின் மிகப் பெரிய கோதுமை இறக்குமதியாளர்களுள் ஒன்று என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

மற்றொரு பொறி ஆண்டுச் சராசரி. ஆண்டு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் போதுமான நீர் உள்ள படுகையிலும், நாற்றுக்குத் தண்ணீர் வேண்டிய இரண்டு மாதங்களில் ஆறு வறண்டு கிடக்கலாம். மெஸ்ஃபின் மெகோனன், ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா ஆகியோர் 2016-இல் மாதவாரியாகக் கணக்கிட்டபோது, ஆண்டில் ஒரு மாதமாவது கடுமையான தட்டுப்பாட்டுக்கு ஆளாகும் மக்கள் 400 கோடி என்ற முடிவு கிடைத்தது. எனவே மாதக் கணக்கு கிடைக்கும் இடத்தில் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைமடையில் யார், கடைமடையில் யார்

ஒரு தாளில் ஆற்றை வரைந்து, எல்லைகளைக் குறித்து, ஒவ்வோர் அணையையும் அதைக் கட்டியவரையும் அது முடிந்த ஆண்டையும் எழுதுங்கள். வாய்க்கால் பாசனத்தில் சொல்வதைப் போலவே, பன்னாட்டு ஆற்றிலும் தலைமடை நாடு என்றும் கடைமடை நாடு என்றும் பிரித்துக்கொள்வது எளிது. உலகில் நாடுகளின் எல்லையைக் கடக்கும் ஆற்றுப் படுகைகள் 300-க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் இந்தப் படத்தை ஒரு மாலைப் பொழுதில் வரைந்துவிடலாம்.

அதன் பக்கத்தில் யாருக்குப் படைபலமும் பணபலமும் அதிகம் என்று எழுதுங்கள். யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளில் தலைமடையில் இருக்கும் துருக்கியே வலிமையான நாடு. அங்கே கடைமடை நாடுகளான சிரியாவும் ஈராக்கும் குறைகூற முடியுமே தவிர, அதற்கு மேல் அவர்களால் செய்ய முடிவது குறைவு. நைலில் நிலைமை நேர்மாறு: கடைமடையில் இருக்கும் எகிப்தே நெடுங்காலம் வலிமையான நாடாக இருந்துவந்தது, ஆற்றுநீரில் பெரும்பகுதியைத் தரும் எத்தியோப்பியா அண்மைக்காலத்தில்தான் பெரிய அணை கட்டும் நிலைக்கு வளர்ந்தது. வலிமையான நாடு கடைமடையில் இருந்து, தலைமடை நாடு திடீரென எழுந்து வரும் படுகையில்தான் பேச்சின் சூடு மிகவும் ஏறுகிறது என்பது என் கணிப்பு.

எவ்வளவு வேகமாக மாறுகிறது?

மெல்லக் குறையும் தண்ணீருக்கு மக்கள் தங்களைப் பழக்கிக்கொள்கிறார்கள். பயிரை மாற்றுகிறார்கள், ஊரை மாற்றுகிறார்கள். ஒரே பருவத்தில் நிகழும் மாற்றம்தான் அரசுகளைப் பதறவைக்கிறது. 1975-இல் சிரியா யூப்ரடீசில் தப்கா அணையை நிரப்பியபோது, தன் விவசாயிகளுக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஈராக் முறையிட்டு, இரு நாடுகளும் எல்லையில் படைகளைக் குவித்தன. சவூதி அரேபியா நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைத்தது. 1990 ஜனவரியில் துருக்கி அத்தாதுர்க் அணையை நிரப்புவதற்காக அதே ஆற்றின் ஓட்டத்தை ஏறக்குறைய ஒரு மாதம் நிறுத்தியபோது, ஒருவரோடொருவர் பேசாத சிரியாவும் ஈராக்கும்கூட ஒன்றுசேர்ந்து எதிர்த்தன.

ஆகவே புதிய அணை எதுவானாலும், அதன் கொள்ளளவை ஆற்றின் ஆண்டு நீர்வரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை ஆண்டுகளில் நிரப்பப்போகிறார்கள் என்று கேளுங்கள். எத்தியோப்பியா நீல நைலில் 2011-இல் கட்டத் தொடங்கிய மறுமலர்ச்சி அணையின் கொள்ளளவு 7,400 கோடி கனமீட்டர். அந்தக் கிளையாற்றின் சராசரி ஆண்டு நீர்வரத்து சுமார் 4,900 கோடி. அதாவது ஒன்றரை ஆண்டு ஆற்றையே அந்த அணை விழுங்கிக்கொள்ளும். மூன்று ஆண்டுகளில் நிரப்பினால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,470 கோடி, அதாவது ஆற்றில் பாதி தடுக்கப்படும். ஏழு ஆண்டுகளில் நிரப்பினால் ஆண்டுக்குச் சுமார் 1,060 கோடி, அதாவது ஐந்தில் ஒரு பங்குதான். ஆவியாதலையும் கசிவையும் விட்டுவிட்ட தோராயக் கணக்கு இது என்றாலும், கெய்ரோவும் அடிஸ் அபாபாவும் அணை இருக்கவேண்டுமா என்பதைவிட எத்தனை ஆண்டுகளில் நிரப்புவது, வறட்சி வந்தால் எவ்வளவு திறந்துவிடுவது என்ற இரண்டு கேள்விகளிலேயே ஏன் ஆண்டுக்கணக்கில் முட்டிக்கொண்டன என்பதை இது தெளிவாகவே காட்டிவிடுகிறது.

இங்கே கூடவே பார்க்கவேண்டியது கடைமடையின் சேமிப்பு. 2020 ஜூலையில் நிரப்பத் தொடங்கிய அந்த அணை 2025 செப்டம்பரில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உடன்பாடு எதுவும் எட்டப்படவில்லை, ஆனால் போரும் மூளவில்லை. எத்தியோப்பிய மலைகளில் பெய்த நல்ல மழையும், 16,000 கோடி கனமீட்டருக்கு மேல் கொள்ளும் எகிப்தின் அஸ்வான் நீர்த்தேக்கமும் அடியைத் தாங்கிக்கொண்டன. அதே நிரப்புதல் தொடர் வறட்சியில் நடந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். உங்கள் மதிப்பீட்டில் சேமிப்புக்கும் மழைக்கும் தனித்தனியே ஒரு வரி எழுதிவையுங்கள்.

ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது

இதுதான் வேலையின் நடுநாயகமான பகுதி. பலரும் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். ஒப்பந்தம் இருக்கிறதா, இல்லையா என்பதோடு நின்றுவிடாமல் அதன் வாசகத்தைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலான நீர் ஒப்பந்தங்கள் முப்பது நாற்பது பக்கங்களுக்குள் அடங்கிவிடும், இணையத்திலும் கிடைக்கும். படிக்கும்போது முதலில் தேடவேண்டியது, ஆற்றை அளப்பது யார் என்பதை.

ஆப்கானிஸ்தானும் ஈரானும் ஹெல்மந்து ஆற்றுக்காக 1973-இல் செய்துகொண்ட உடன்படிக்கை, வழக்கமான ஆண்டில் ஈரானுக்கு வினாடிக்கு 26 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 918 கன அடி வீதம் தண்ணீர் தரச் சொல்கிறது. ஓர் ஆண்டின் வினாடிகளால் பெருக்கினால் 82 கோடி கனமீட்டர் வருகிறது. செய்திகளில் வரும் எண்ணும் அதுவே. ஆண்டு வழக்கமானதா, இல்லையா என்பதைக் கஜகி அணைக்கு மேலே உள்ள தெஹ்ராவுத் அளவீட்டு நிலையத்தின் கணக்கே தீர்மானிக்கும். 2023-இல் தண்ணீர் வரவில்லை என்று ஈரான் சொன்னது, ஆற்றிலேயே தண்ணீர் இல்லை என்று தாலிபான் அரசு சொன்னது. தங்கள் நிபுணர்கள் நேரில் போய்ப் பார்க்கவேண்டும் என்பதே ஈரானின் கோரிக்கையாக இருந்தது. அவ்வாண்டு மே 27 அன்று எல்லைக் காவலர்கள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இரு தரப்பிலும் உயிர்கள் போயின. உடன்படிக்கையில் பங்கு தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. அளவை நம்புவதற்கு இரு தரப்புக்கும் பொதுவான ஆள் இல்லாமல்போனதுதான் குறை.

அடுத்து, பஞ்ச காலத்துக்கு விதி இருக்கிறதா என்று பாருங்கள். 1994 அக்டோபரில் கையெழுத்தான இஸ்ரேல்-ஜோர்தான் அமைதி ஒப்பந்தத்தின் நீர் பற்றிய பிற்சேர்க்கை பல வகையில் நுட்பமானது. ஜோர்தானின் குளிர்காலத் தண்ணீரை இஸ்ரேலிய ஏரியில் தேக்கிவைத்துக் கோடையில் திருப்பித் தரும் ஏற்பாடுகூட அதில் உண்டு. ஆனால் வறட்சி ஆண்டில் குறைவை யார் எவ்வளவு ஏற்பது என்பதை அது சொல்லவில்லை. 1999-இல் வறட்சி வந்து, முழு அளவைத் தர இயலாது என்று இஸ்ரேல் அறிவித்தவுடன் சச்சரவு எழுந்தது. பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்பது உண்மை. அப்படித் தீர்க்க முடிந்ததற்குப் பின்னால் பழைய பழக்கம் ஒன்று உண்டு: இரு நாடுகளும் போர்நிலையில் இருந்த பல ஆண்டுகளிலும் அவற்றின் நீர்த்துறை அலுவலர்கள் யார்முக் ஆறும் ஜோர்தான் ஆறும் கூடுமிடத்துக்கு அருகே சந்தித்துத் தண்ணீரைப் பற்றி மட்டும் ஓசைப்படாமல் பேசிவந்தார்கள். அமைச்சர்கள் பேசிக்கொள்கிறார்களா என்பதைவிடப் பொறியாளர்கள் பேசிக்கொள்கிறார்களா என்பதையே நான் முக்கியமான அறிகுறியாக எடுத்துக்கொள்வேன்.

சிந்து நதி ஒப்பந்தத்தில் இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காணலாம். உலக வங்கி நடுவராக நிற்க, 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள். ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. தண்ணீரைப் பங்கு போடாமல் ஆறுகளையே பிரித்துக்கொண்டதால் அன்றாட உரசல் குறைந்தது. இரு தரப்பிலும் ஓர் ஆணையர், ஆண்டுக்கு ஒரு முறையாவது சந்திப்பு, இடைவிடாத தரவுப் பரிமாற்றம், கருத்து வேறுபட்டால் முதலில் ஆணையம், பிறகு நடுநிலை நிபுணர், அதற்கும் மேலே நடுவர் மன்றம் என்று படிப்படியான வழி இருந்தது. அதனால்தான் 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்களைத் தாண்டியும் அது நிலைத்தது.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலை அடுத்து, ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தபோது, ஆறுகளைத் தடுத்துவிடப் போகிறார்கள் என்று பல செய்திகள் எழுதின. மேற்கு ஆறுகளின் வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் அளவுக்குப் பெரிய அணைகள் அங்கே இல்லாத நிலையில், உடனே பாதிக்கப்படுவது தண்ணீரைவிடத் தகவலே: வெள்ள எச்சரிக்கை, நீர்வரத்துக் கணக்கு, மதகு திறக்கும் நேரம். கடைமடையில் இருப்பவருக்கு எப்போது வரும் என்று தெரியாத தண்ணீர், வராத தண்ணீருக்கு ஏறக்குறைய சமமான தொல்லை. எனவே ஒப்பந்தம் முறிந்தது என்ற செய்தியைப் படித்தால், அதன் எந்தப் பகுதி உண்மையில் நின்றுபோனது என்று பிரித்து எழுதுங்கள். ஒரு தரப்பு மட்டும் தனியாக விலகிக்கொள்ள அந்த ஒப்பந்தத்தில் இடமில்லை. இரு அரசுகளும் ஒப்புதல் அளித்த மற்றோர் ஒப்பந்தத்தால்தான் அதை முடித்துவைக்க முடியும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்று கேளுங்கள். 1959-இன் நைல் உடன்படிக்கை ஆற்றின் முழு நீரையும் இரண்டு நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. தண்ணீர் தரும் எத்தியோப்பியா அந்த மேசையிலேயே இல்லை. அன்று விட்டுவைத்த கணக்குக்கான வட்டியைத்தான் இன்றைய தலைமுறை செலுத்திக்கொண்டிருக்கிறது. நேர்மாறான முன்மாதிரி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு. மாலி, மொரித்தானியா, செனகல் ஆகிய மூன்றும் 1972-இல் அமைத்த ஆற்று நிறுவனம் மனந்தாலி, டியாமா அணைகளைக் கூட்டுச் சொத்தாகவே வைத்திருக்கிறது; அணை ஒரு நாட்டின் மண்ணில் இருந்தாலும் உரிமை அனைவருக்கும். 1989-இல் ஆற்றங்கரை மேய்ச்சல் தகராறில் தொடங்கிய வன்முறை செனகலுக்கும் மொரித்தானியாவுக்கும் இடையே தூதரக உறவையே முறித்தபோதும் அந்த நிறுவனம் கலையவில்லை. 2006-இல் கினியாவும் சேர்ந்துகொண்டது.

நாட்டுக்குள்ளே பாருங்கள்

தண்ணீரின் பெயரால் அதிக உயிர்கள் போவது நாட்டின் எல்லைகளில் அல்ல. வாய்க்கால் கரையிலும் மேய்ச்சல் நிலத்திலும் நகரத்தின் தெருக்களிலும்தான். பன்னாட்டுப் பாதுகாப்பு என்று பேசத் தொடங்கியதும் இந்த மக்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமை தரும் விஷயம். ஆகவே ஆற்றின் படத்துக்கு அடுத்த தாளில் குடியானவர், மேய்ப்பர், நகரவாசி, தொழிற்சாலை ஆகியோரை எழுதி, வறட்சியில் யாருடைய பங்கு முதலில் வெட்டப்படுகிறது என்று குறியுங்கள்.

ஊர்மட்டத்தில் எழும் சின்னஞ்சிறு பொறி எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு கிர்கிஸ்தான்-தஜிகிஸ்தான் எல்லையில் உள்ள கொலொவ்னோய் நீர்வாங்கு நிலையத்தைப் பாருங்கள். 2021 ஏப்ரல் 28 அன்று, அந்த இடத்தில் ஒரு கம்பத்தில் கண்காணிப்புக் கேமரா பொருத்த ஒரு தரப்பு முயன்றது; மறுதரப்பு ஊர்க்காரர்கள் தடுத்தார்கள். இருபுறமும் கற்கள் பறந்தன. மறுநாள் இரு நாட்டுப் படைகளும் மோதின. சில நாட்களில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பல்லாயிரம் பேர் வீடு விட்டு ஓடினர். அங்கே எல்லைக் கோடே தெளிவாக வரையப்படாமல் இருந்தது. யாருடைய நிலம் என்று தெரியாத இடத்தில் யாருடைய மதகு என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. 2025 மார்ச்சில் இரு நாடுகளும் எல்லை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

காரணம் சொல்லும்போது மிகுந்த கவனம் வேண்டும். 2006 முதல் 2010 வரையிலான வறட்சியில் சிரியாவின் வடகிழக்கில் பயிர் கருகி, மந்தைகள் மடிந்து, குடும்பங்கள் நகர ஓரங்களுக்குப் பெயர்ந்தன. 2011-இல் கிளர்ச்சி வெடித்தது. வறட்சியே உள்நாட்டுப் போரை உண்டாக்கியது என்று எழுதுவது எளிது. ஆனால் பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை வரைமுறையின்றி உறிஞ்சவிட்ட கொள்கை, 2008-இல் டீசல் மானியத்தை வெட்டியதால் பம்பு ஓட்ட முடியாமல்போன விவசாயி, குறைகேட்க மறுத்த அடக்குமுறை அரசு ஆகிய அனைத்தும் அந்தச் சங்கிலியில் உண்டு. இடம்பெயர்ந்தவர்களின் பங்கைப் பற்றி ஆய்வாளர்களே இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை. அதே வறட்சி ஜோர்தானையும் வாட்டியது, அங்கே அரசு கவிழவில்லை. உங்கள் எழுத்தில் காரணம் என்ற சொல்லை அடித்துவிட்டு, சுமையைக் கூட்டியது என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

தண்ணீர் குறையாமலேயே தண்ணீர்க் கலகம் வரலாம். பொலிவியாவின் கோச்சபாம்பா நகரில் 2000-ஆம் ஆண்டு மக்கள் தெருவுக்கு வந்ததற்கு, குடிநீர் வழங்கலைத் தனியார் கூட்டமைப்பிடம் ஒப்படைத்த பிறகு ஏறிய கட்டணமே முதன்மைக் காரணம். ஏப்ரலில் அரசு ஒப்பந்தத்தை ரத்துசெய்தது. மாறாக, 2018-இல் கேப் டவுன் நகரின் அணைகள் வற்றி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு விதிக்கப்பட்டபோதும் நகரம் கலவரத்தில் மூழ்கவில்லை. சுமை எல்லார்மீதும் விழுகிறது என்ற நம்பிக்கை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

போர் ஏற்கெனவே நடக்கும் இடத்தில்

அங்கே கேள்வி தலைகீழாகிறது: தண்ணீர் போரை உண்டாக்குமா என்பதை விட்டு, போர் தண்ணீரை என்ன செய்கிறது என்று பாருங்கள். ரஷ்யா கைப்பற்றிய கிரிமியாவுக்கு நீர் கொண்டுசென்ற வட கிரிமியக் கால்வாயை உக்ரைன் 2014-இல் அடைத்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் அந்த அடைப்பைத் தகர்த்துத் தண்ணீரைத் திறந்துகொண்டன. 2023 ஜூன் 6 அன்று, ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் இருந்த ககோவ்கா அணை உடைந்து, அதே கால்வாய்க்கு நீர் தந்த 1,800 கோடி கனமீட்டர் நீர்த்தேக்கம் வடிந்து, கீழே இருந்த ஊர்கள் மூழ்கின. ஈராக்கில் ஐ.எஸ். அமைப்பு 2014-இல் ஃபலூஜா கதவணையையும், அவ்வாண்டு ஆகஸ்டில் சில நாட்கள் மோசுல் அணையையும் கைப்பற்றி வைத்திருந்தது. ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறையில், 54-ஆவது பிரிவு குடிநீர் அமைப்புகளைத் தாக்குவதையும், 56-ஆவது பிரிவு அணைகளைத் தாக்கி மக்களுக்குப் பேரிழப்பு உண்டாக்குவதையும் தடைசெய்கின்றன. தாக்கப்பட்ட இடத்தையும் நாளையும் மீறப்பட்ட பிரிவையும் சேர்த்துக் குறித்துவைப்பது, பின்னாளில் நீதி கேட்பவர்களுக்கு உதவும்.

சரிபார்ப்பும் எழுதுவதும்

அரசுகள் சொல்லும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நீர்த்தேக்கம் விரிவதையும் சுருங்குவதையும் வீட்டிலிருந்தே அளக்கலாம். நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கத்தைப் புவியீர்ப்பு மாறுபாட்டைக் கொண்டு காட்டும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் 2002 முதல் 2017 வரை தரவு தந்தன, அவற்றின் வாரிசுகள் 2018 முதல் தருகின்றன. படத்தின் தேதியைக் கட்டாயம் பாருங்கள். சாட் ஏரி வற்றுகிறது என்று இன்றும் பகிரப்படும் படங்கள் பெரும்பாலும் 1960-களையும் 1980-களையும் ஒப்பிடுபவை. 1990-களுக்குப் பின் அந்த ஏரி ஓரளவு மீண்டு, மேலும் சுருங்காமல் இருக்கிறது. அங்குள்ள மீனவரின், விவசாயியின் துயரம் உண்மையானது. ஆனால் அதற்கு ஏரியின் சுருக்கத்தை மட்டும் காட்டினால், ஆயுதக் குழுக்களும் ஆட்சியின் அலட்சியமும் தப்பித்துவிடும்.

எல்லாம் கையில் வந்த பிறகு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். முதல் பத்தியில் தண்ணீர்க் கணக்கும் மாத நிலவரமும். அடுத்து, அடுத்த ஐந்தாண்டில் படுகையில் வரப்போகும் மிக வேகமான மாற்றம் எது, அதைத் தாங்கும் விதி ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை என்று. பிறகு உள்நாட்டில் முதலில் வெட்டப்படுபவர் யார் என்பது. கடைசியில் உங்கள் கணிப்பும், எந்தச் செய்தி வந்தால் அதை மாற்றிக்கொள்வீர்கள் என்பதும். எடுத்துக்காட்டாக ஹெல்மந்துக்கு நான் எழுதினால், பொதுவான அளவீட்டுக்கு இரு தரப்பும் இடம்கொடுக்கும்வரை எல்லைப் பூசல்கள் சிறியனவாகவே இருக்கும் என்று கணித்து, ஈரானிய நிபுணர்களுக்குத் தெஹ்ராவுத் நிலையம் மறுக்கப்பட்டாலோ, கீழ்ப்பகுதியில் புதிய அணை ஒன்று வறட்சி ஆண்டில் நிரப்பப்பட்டாலோ கணிப்பை மாற்றுவேன் என்று குறிப்பேன். பக்கத்தின் தலையில் தேதியை எழுதி, மலைப்பனி உருகித் தண்ணீர் இறங்கும் வசந்தகால மாதங்களில் மீண்டும் எடுத்துத் திருத்துங்கள்.